கர்ப்ப காலத்தில் சுவாச வைரஸ் தொற்று: தாய்க்கும் சேய்க்கும் நேர்வது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது மூன்று வைரஸ்களைப் பற்றி மட்டுமே: ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளூயன்ஸா, கோவிட்-19 நோயை உண்டாக்கும் கொரோனா வைரஸ், கைக்குழந்தைகளின் சிறு மூச்சுக்குழல்களை அடைத்துவிடும் ஆர்.எஸ்.வி. ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே போய்விடும் சாதாரணச் சளி கர்ப்பத்தைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறோம். பதில்கள் பொதுவானவை. சர்க்கரை, ஆஸ்துமா, இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரின் சொல்லையே முதன்மையாகக் கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிகளை இந்தத் தொற்றுகள் எளிதில் பற்றிக்கொள்கின்றனவா?

எளிதில் பற்றிக்கொள்வதாகச் சொல்ல முடியாது. பற்றினால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதே சரி. கருப்பை வளர வளர உதரவிதானம் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே தள்ளப்படுகிறது. மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு நுரையீரலில் தங்கும் காற்றின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே வேளையில் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கையிருப்பு குறைந்து செலவு கூடிய இந்த நிலையில் நிமோனியா வந்தால், மற்றவர்களுக்கு ஓரிரு நாள் தாங்கும் நுரையீரல் கர்ப்பிணிக்குச் சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடக்கூடும். கருவை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்காமலிருக்க உடலின் எதிர்ப்பு முறையில் நிகழும் மாற்றங்களும், இரத்தம் எளிதில் உறையும் தன்மையும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

2009-ஆம் ஆண்டு எச்1என்1 எனும் ஃப்ளூ வகையின் பெருந்தொற்றின்போது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1 விழுக்காடாக இருந்தனர். அந்நோயால் இறந்தவர்களிலோ அவர்கள் சுமார் 5 விழுக்காடு. 2020-இல் அதே நாட்டில், நோய் அறிகுறிகளுடன் கோவிட் உறுதியான 15 முதல் 44 வயது வரையிலான பெண்களை ஒப்பிட்டபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்கள் கர்ப்பிணிகளில் ஆயிரத்துக்கு 10.5 பேர், மற்றவர்களில் 3.9 பேர். வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்கள் முறையே 2.9 பேர், 1.1 பேர். இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். ஆபத்து ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்பது உண்மை. தொற்று வந்த ஆயிரம் கர்ப்பிணிகளில் பெரும்பான்மையோர் மருத்துவமனையில் சேராமலேயே குணமடைந்தார்கள் என்பதும் உண்மை.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வைரஸ் போய்ச் சேருமா?

அரிதாகவே சேரும். ஃப்ளூ வைரஸும் கொரோனா வைரஸும் பெரும்பாலும் சுவாசப் பாதையோடு நின்றுவிடுகின்றன. தாயின் இரத்தத்தில் அதிக அளவில் சுற்றிவருவதில்லை. நஞ்சுக்கொடியும் பல அடுக்குகள் கொண்ட ஒரு தடுப்பாக நிற்கிறது. கோவிட் உள்ள தாய்மார்களுக்குப் பிறந்து, பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளில் தொற்று உறுதியானவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அவர்களிலும் ஒரு பகுதியினருக்குத் தொற்று வந்தது பிறந்த பிறகுதான்.

ஆனால் ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. கோவிட் வந்த சில கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியிலேயே அழற்சி ஏற்பட்டது. பிரசவத்துக்குப் பிறகு அந்த நஞ்சுக்கொடியை நுண்ணோக்கியில் பார்த்த நோயியல் மருத்துவர்கள் மூன்று மாற்றங்களைச் சேர்ந்தாற்போலக் கண்டார்கள்: தாயின் இரத்தம் ஓட வேண்டிய இடைவெளிகளை ஃபைப்ரின் எனும் உறைபுரதம் அடைத்திருந்தது, அதே இடைவெளிகளில் அழற்சி அணுக்கள் குவிந்திருந்தன, குழந்தையின் பக்கத்தில் நஞ்சுக்கொடியைப் போர்த்தியிருக்கும் மேலடுக்கு அணுக்கள் மடிந்திருந்தன. இப்படிப்பட்ட நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி செயலிழந்த நிலையில், வைரஸ் குழந்தையின் உடலைத் தொடாதபோதும் குழந்தை ஆக்சிஜனின்றி இறந்துபோனது. தாய்க்கு நோய் கடுமையாக இல்லாதபோதும் இது நேர்ந்திருக்கிறது. ஆகவேதான், தொற்றின்போதும் அதற்கு அடுத்த வாரங்களிலும் குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், காய்ச்சல் விட்டுவிட்டது என்ற நிம்மதியில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

வைரஸ் அரிதாகவே சேரும் என்றால், குழந்தைக்கு ஆபத்து எதனால்?

பெரும்பாலும் தாயின் நோயினால். தாயின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் குழந்தைக்குப் போவதும் குறைகிறது. கடும் காய்ச்சலும் அழற்சியும் பிரசவ வலியை முன்கூட்டியே தூண்டலாம். தாயின் மூச்சு மிகவும் மோசமடையும்போது, அவரைக் காப்பாற்றுவதற்காகவே குழந்தையை மாதம் நிறையும் முன் வெளியே எடுக்க வேண்டிய கட்டாயமும் வருகிறது. கோவிட் காலக் குறைப்பிரசவங்களில் கணிசமானவை தானாக வலி வந்து நடந்தவை அல்ல; மருத்துவர்கள் முடிவெடுத்துச் செய்தவை.

18 நாடுகளில் 2,130 பெண்களைக் கொண்டு நடந்து 2021-இல் வெளியான ஆய்வொன்றில், இரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரகம் உள்ளிட்ட உறுப்புகளைப் பாதிக்கும் பிரீ-எக்லாம்ப்சியா, தொற்று வந்தவர்களிடம் 1.76 மடங்கு காணப்பட்டது. வயிற்றிலேயே குழந்தை இறப்பது பற்றி அமெரிக்காவில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்தபோது, கோவிட் இல்லாதவர்களில் 0.64 விழுக்காடாக இருந்தது கோவிட் இருந்தவர்களில் 1.26 விழுக்காடாகவும், டெல்டா வகை பரவிய மாதங்களில் 2.70 விழுக்காடாகவும் இருந்தது. பிரசவத்துக்காக மருத்துவமனைக்கு வந்த நேரத்தில் தொற்று இருந்தவர்களைப் பற்றிய கணக்கு இது. தடுப்பூசி பரவலாகாத காலமும் இதில் அடங்கும் என்பதால், இன்று லேசான தொற்று வரும் ஒருவர் இந்த விகிதத்தை அப்படியே தனக்குப் பொருத்திக்கொண்டு கலங்கத் தேவையில்லை.

முதல் மூன்று மாதங்களில் காய்ச்சல் வந்தது. குழந்தை ஊனத்துடன் பிறக்குமா?

ருபெல்லாவைப் போலக் குழந்தையின் உறுப்பு உருவாக்கத்தையே குலைக்கும் தன்மை ஃப்ளூவுக்கோ கொரோனா வைரஸுக்கோ இருப்பதாகத் தெரியவரவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது காய்ச்சலைத்தான். குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறவிருக்கும் நரம்புக் குழல் கருத்தரித்த நாளிலிருந்து சுமார் 28 நாட்களில், அதாவது கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரவாக்கில், மூடிக்கொள்கிறது. அந்த நாட்களில் தணிக்கப்படாமல் நீடிக்கும் கடும் காய்ச்சலுக்கும் நரம்புக் குழல் குறைபாட்டுக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துவருபவர்களுக்கு இந்த அபாயம் குறைவு. ஆறாவது வாரத்தில் தான் கர்ப்பமாக இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதால், நாள் தள்ளிப்போயிருக்கும் நிலையில் காய்ச்சல் வந்தால் கர்ப்பப் பரிசோதனையையும் செய்துகொண்டு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ஒருமுறை வந்த காய்ச்சலுக்காகக் கருவைக் கலைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. 18 முதல் 20 வாரங்களில் வழக்கமாகச் செய்யப்படும் விரிவான ஸ்கேனில் முதுகுத்தண்டும் மூளையும் தெளிவாகத் தெரியும்.

எந்த மாதத்தில் தொற்று வந்தால் ஆபத்து மிக அதிகம்?

தாய்க்கு, ஆறாம் மாதத்துக்குப் பிறகும், பிரசவமான முதல் இரண்டு வாரங்களிலும்.

எந்த மருந்துகளை எடுத்துக்கொள்ளலாம்? எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமாலே முதல் தேர்வு. இந்த மாத்திரைக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற பேச்சு பல தாய்மார்களைப் பயமுறுத்தியிருக்கிறது. சுவீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளைக் கொண்டு நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், ஒரே தாய்க்குப் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படிப்பட்ட தொடர்பு காணப்படவில்லை. தேவையான அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்வது என்ற பொதுவிதி போதும். மாத்திரைக்குப் பயந்து 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோடு படுத்திருப்பதுதான் மோசமான தேர்வு.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணிகளை 20 வாரங்களுக்குப் பிறகு தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதங்களில், பிறந்த பின்னரே மூட வேண்டிய ஓர் இரத்தக் குழாயை முன்கூட்டியே மூடிவிடலாம். பிரீ-எக்லாம்ப்சியாவைத் தடுக்க மருத்துவர் எழுதித்தந்த குறைந்த அளவு ஆஸ்பிரின் இதில் சேராது. அதை நிறுத்தும் முன் அவரையே கேட்க வேண்டும்.

ஃப்ளூ எனச் சந்தேகம் வந்தாலே, பரிசோதனை முடிவுக்காகக் காத்திராமல், கர்ப்பிணிகளுக்கு ஒசெல்டாமிவிர் எனும் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்கப்படுகிறது. அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். கோவிட்டுக்கு நிர்மாட்ரெல்விர்–ரிட்டோனாவிர் கூட்டுமருந்து ஐந்து நாட்களுக்குள் தொடங்கப்படுகிறது. அது வேறு பல மருந்துகளோடு மோதக்கூடியது என்பதால் உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மோல்நுபிராவிர் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ரிபாவிரின் அறவே கூடாது. ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் ஸ்டீராய்டும், இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசியும் கர்ப்பிணிகளுக்கும் தரப்படுகின்றன. ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. கர்ப்பிணி என்பதாலேயே தேவையான சிகிச்சையைத் தயங்கித் தாமதிப்பது பெருந்தொற்றுக் காலத்தில் பல இடங்களில் நடந்தது. அந்தத் தயக்கம் குழந்தைக்கு எந்த நன்மையும் செய்யாது.

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கலாமா?

தேவை என்று மருத்துவர் கருதினால் தாராளமாக எடுக்கலாம். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கும் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவு, சி.டி. ஸ்கேனிலும் அது ஒரு மில்லிகிரேயைத் தொடுவதில்லை. கருவைப் பாதிக்கும் எனக் கவலைப்படும் அளவு சுமார் 50 மில்லிகிரேக்கு மேல்.

வீட்டிலிருந்தே குணமாகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மூச்சை, குழந்தையின் அசைவை, குடிக்கும் நீரின் அளவை. இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை விரல்நுனியில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால், நகப்பூச்சை அழித்துவிட்டு, கையைச் சூடாக வைத்துக்கொண்டு, உட்கார்ந்த நிலையில் விரலை அதில் செருகி எண் நிலைபெறும் வரை அரை நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அது 95 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. மற்றவர்களுக்கு 93 அல்லது 94 என்பது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய எண்ணாக இருக்கலாம்; கர்ப்பிணிக்கு அது மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய எண். கறுத்த நிறத்தவர்களுக்கு இந்தக் கருவி சில வேளைகளில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சையே நம்ப வேண்டும். ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேச முடியவில்லை, நெஞ்சில் வலி இருக்கிறது, குழப்பமாகப் பேசுகிறார், சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது, பாராசிட்டமாலுக்குக் காய்ச்சல் தணியவில்லை, இரத்தக் கசிவோ நீர்க் கசிவோ தெரிகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. மாதம் ஏறிய கர்ப்பிணிகள் மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுப்பது மூச்சுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் நல்லது.

தொற்று இருந்தால் சிசேரியன்தான் செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. சிசேரியன் குழந்தையைத் தொற்றிலிருந்து காப்பதில்லை. மூச்சுத் தளர்ந்திருக்கும் தாய்க்கு அறுவை சிகிச்சை கூடுதல் சுமையாகவும் அமையலாம். முதுகில் போடப்படும் எபிடூரல் ஊசிக்கும் தடை இல்லை. தொப்புள்கொடியைச் சற்றுத் தாமதித்து வெட்டும் வழக்கத்தையும் இதற்காகக் கைவிட வேண்டாம்.

பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்க வேண்டுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?

2020-இன் தொடக்கத்தில் பல மருத்துவமனைகள் அச்சத்தால் பிரித்து வைத்தன. உலக சுகாதார நிறுவனம் அப்போதிருந்தே தாயும் சேயும் ஒரே அறையில் இருக்கலாம், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கலாம், தோலோடு தோல் சேர்த்து அணைக்கலாம் என்று கூறிவந்தது. பின்னர் வந்த தரவுகள் அதையே உறுதிப்படுத்தின. பாலில் வைரஸின் மரபுப்பொருள் துணுக்குகள் சில வேளைகளில் காணப்பட்டாலும், பெருகும் திறனுள்ள வைரஸ் பாலின் வழியே குழந்தைக்குத் தொற்றுவதாகக் காணப்படவில்லை. மாறாக, சீம்பாலிலும் பாலிலும் வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் இருக்கின்றன. ஃப்ளூவுக்கும் இதே நிலைதான்.

தொற்று பரவுவது பாலால் அல்ல, தாயின் மூச்சாலும் கையாலும். ஆகவே பால் கொடுக்கும்போது முகக்கவசம் அணிந்து, குழந்தையைத் தொடும் முன் சோப்பால் கை கழுவினால் போதும். மற்ற நேரங்களில் குழந்தையின் தொட்டிலைச் சற்றுத் தள்ளி, காற்றோட்டம் உள்ள இடத்தில் வைக்கலாம். தாய் எழுந்து உட்கார முடியாத அளவுக்குத் தளர்ந்திருந்தால், பாலைக் கறந்து, நோயில்லாத ஒருவர் புகட்டலாம். கறப்பதை நிறுத்திவிட்டால் பால் வற்றிவிடும். குழந்தைக்கு முகக்கவசமோ முகமூடித் துணியோ போடவே கூடாது, மூச்சு அடைத்துவிடும்.

பிறந்த குழந்தைக்குத் தொற்று வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

கோவிட் தொற்றிய பச்சிளங்குழந்தைகளில் பெரும்பாலோர் அறிகுறி இல்லாமலோ லேசான மூக்கடைப்போடோ தேறிவிடுகிறார்கள். கைக்குழந்தைகளுக்கு உண்மையில் பெரிய எதிரி ஆர்.எஸ்.வி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட 36 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் அதனால் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் இறக்கிறார்கள். அந்த இறப்புகளில் ஏறத்தாழ பாதி ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளுடையவை.

இந்த வயதில் இருமல் பெரிய அடையாளமாக இருக்காது. பால் குடிப்பது குறைவதே பல வேளைகளில் முதல் அறிகுறி. வாயால் மூச்சுவிடப் பழகாத குழந்தைக்கு மூக்கு அடைத்தால், உறிஞ்சவும் மூச்சுவிடவும் ஒருசேர முடியாது. மூச்சை எண்ணிப் பார்ப்பதற்குக் குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே ஏமாற்றும். பச்சிளங்குழந்தை வேகவேகமாக மூச்சுவிட்டு, ஐந்து முதல் பத்து நொடி நிறுத்தி, மீண்டும் தொடங்குவது இயல்பு. நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி ஒருமுறை எண்ண வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் அது வேக மூச்சு. விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்ளிழுத்துக்கொள்வது, முனகல், மூக்கின் ஓரங்கள் விரிந்து சுருங்குவது, உதடோ நாக்கோ நீலம் பாய்வது, 20 நொடிக்கு மேல் மூச்சு நின்றுபோவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மூச்சு நின்றுபோவது குறைமாதக் குழந்தைகளிடம் ஆர்.எஸ்.வி.யின் முதல் அறிகுறியாகவே வருவதுண்டு.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், வேறு எந்த அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவர் பார்த்தாக வேண்டும். உடல் சில்லிட்டு 35.5 டிகிரிக்குக் கீழே போவதும் அதே அளவு ஆபத்தானது. வீட்டில் செய்யத்தக்கது மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளியை எடுத்து, சிறுகச் சிறுகப் பால் கொடுப்பதுதான். இருமல் மருந்து, ஆவி பிடித்தல், தைலம் எதுவும் வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்வது தாய்க்காகவா, குழந்தைக்காகவா?

இருவருக்காகவும், என்னைக் கேட்டால் குழந்தையின் பங்கு சற்றுக் கூடுதல் என்பேன். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசி போட முடியாது. அந்த மாதங்களில் அதற்கு இருக்கும் காப்பு, தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த ஆன்டிபாடிகள்தாம். இந்தக் கடத்தல் நான்காம் மாதவாக்கில் தொடங்கினாலும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் நடக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் இந்த ஆன்டிபாடி தாயிடம் உள்ளதைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தை இந்தச் சேமிப்பை முழுதாகப் பெறாமலேயே வந்துவிடுகிறது.

வங்கதேசத்தில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்ப காலத்தில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு, பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 விழுக்காடு குறைந்தது. செயலிழந்த வைரஸைக் கொண்ட ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து கர்ப்பிணிகளுக்குக் கூடாது. கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அது கருச்சிதைவை உண்டாக்கும் என்ற அச்சத்தைப் பெரிய ஆய்வுகள் எதுவும் மெய்ப்பிக்கவில்லை. 2022-இல் வெளியான அமெரிக்கத் தரவுகளின்படி, தாய் கர்ப்பத்தின்போது இரண்டு தவணை போட்டிருந்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை கோவிட்டால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு சுமார் 61 விழுக்காடு குறைந்தது.

ஆர்.எஸ்.வி.க்குக் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி 2023-இல்தான் ஒப்புதல் பெற்றது. பிறந்த முதல் 90 நாட்களில் கடுமையான நுரையீரல் நோயை அது 81.8 விழுக்காடு தடுத்தது. 180 நாட்கள் வரை கணக்கிட்டால் 69.4 விழுக்காடு. ஆய்வில் தடுப்பூசி பெற்றவர்களிடம் குறைப்பிரசவம் சற்றே கூடுதலாகத் தென்பட்டதால், எச்சரிக்கையாக அமெரிக்கா இதை 32 முதல் 36 வாரங்களுக்குள் என வரையறுத்தது. பிரிட்டன் 28 வாரத்திலிருந்தே தருகிறது. தாய் போட்டுக்கொள்ளாவிட்டால், அல்லது போட்ட இரண்டு வாரத்துக்குள் பிரசவமாகிவிட்டால், குழந்தைக்கு நேரடியாகச் செலுத்தும் நிர்செவிமாப் எனும் ஆன்டிபாடி ஊசி இருக்கிறது. எந்தத் தடுப்பூசி, எந்த வாரம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ஐந்தாம் மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

தொற்று குணமாகிவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும்?

லேசாக வந்து போயிருந்தால், வழக்கமான பரிசோதனைகளைத் தவறவிடாமல் தொடர்ந்தால் போதும். அடுத்த வருகையின்போது தொற்று வந்த தேதியைச் சொல்லிக் கர்ப்பகாலக் குறிப்பேட்டில் எழுதச் செய்வது நல்லது. மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் இருந்திருந்தால், குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க இரண்டு வாரங்களுக்குப் பிறகு ஒரு ஸ்கேன் செய்வது வழக்கம். இரத்த அழுத்தத்தையும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஹெப்பாரின் ஊசியை எத்தனை நாள் தொடர வேண்டும் என்பதை வீடு திரும்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை ஃப்ளூ வந்துவிட்டதே என்று அந்த ஆண்டின் தடுப்பூசியை விட்டுவிட வேண்டாம். அதில் மற்ற ஃப்ளூ வகைகளுக்கான காப்பும் சேர்ந்தே இருக்கிறது, காய்ச்சல் விட்டு உடல் தேறியதும் போட்டுக்கொள்ளலாம்.